மூச்சுக்குத் துணை: கைப்பேசி செய்யக்கூடியதும் செய்ய இயலாததும்



  

சில வாரங்களுக்கு முன் நம் பங்காளர் குடும்பம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய தகப்பனார் பல ஆண்டுகள் மூச்சிரைப்பினால் துன்பப்பட்டுக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர். அவருடைய நினைவாக, நமது நெஞ்சக நோயாளிகளுக்குக் கைப்பேசிகள் வாங்கிக் கொடுக்க விரும்புவதாக எழுதியிருந்தார்கள். "நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே தங்களைக் கவனித்துக்கொள்ள உதவும் செயலிகள் வெளிநாடுகளில் இருக்கின்றனவாம். நம்முடைய ஜனங்களுக்கும் அது கிடைக்க வேண்டாமா?" என்று கேட்டிருந்தார்கள்.

அன்பினால் எழுந்த கேள்வி இது. உடனே நன்றி சொல்லிக் காணிக்கையைப் பெற்றுக்கொள்வது எளிது. ஆனால் ஏழைகளுக்கென்று கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாங்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள். ஆகவே மருத்துவர்களோடும் சிஸ்டர்மாரோடும் உட்கார்ந்து பேசினோம். நாங்கள் அறிந்துகொண்டவற்றையும், எங்களுடைய தவறு ஒன்றையும், உங்கள் எல்லாரோடும் பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இது என்ன நோய்?

மருத்துவர்கள் இதை நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார்கள். சுருக்கமாக சி.ஓ.பி.டி. நம் ஊர்களில் "வீசிங்" என்றும் "இளைப்பு" என்றும் சொல்லிவிடுகிறோம். ஆஸ்துமாவையும் அப்படியே சொல்வதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் சுருங்கி, மருந்து கொடுத்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்கு விரியும். சி.ஓ.பி.டி.யிலோ குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிப்போகின்றன. நுரையீரலின் மெல்லிய காற்றறைகளும் சிதைந்துபோகின்றன. போனதைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை. மீதியிருப்பதைக் காப்பாற்றலாம், அதைக்கொண்டு நன்றாக வாழவும் செய்யலாம்.

இந்த நோயாளிக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கடினம். நெரிசலான டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். இறங்க வேண்டியவர்கள் இறங்கினால்தான் நிற்பவர்கள் ஏற முடியும். இறங்க வழியில்லாவிட்டால், எவ்வளவு முண்டியடித்தும் ஏற முடியாது. அதுபோலப் பழைய காற்று வெளியேறாமல் நெஞ்சுக்குள் தங்கிவிடுகிறது. புதிய காற்றுக்கு இடமில்லை. நோயாளியோ "காற்று பத்தவில்லை" என்று தவிக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி ஸ்பைரோமீட்டர். 1846ஆம் ஆண்டு ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை உலகிற்கு அறிமுகப்படுத்தினார். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். முழுமையாக ஊதிய காற்றில் எவ்வளவு பங்கு முதல் ஒரு விநாடியில் வெளியேறியது என்று பார்க்கிறார்கள். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்திற்குக் குறைவாக இருந்தால், அடைப்பு நிரந்தரமானது என்று அறிகிறார்கள்.

காரணங்களில் முதலாவது பீடி, சிகரெட், சுருட்டு. ஆனால் எங்கள் ஓ.பி.யில் வரிசையில் நிற்பவர்களில், வாழ்நாளில் ஒரு பீடியும் தொடாத தாய்மார்களும் இருக்கிறார்கள். காற்றோட்டமில்லாத சமையற்கட்டில், முப்பது நாற்பது வருடம் விறகையும் வரட்டியையும் ஊதி ஊதிச் சமைத்தவர்கள் அவர்கள். ஏழை வீடுகளுக்குச் சமையல் எரிவாயு இணைப்புக் கொடுக்கும் உஜ்வலா திட்டம் 2016இல் தொடங்கியது. ஆயினும் இளம் வயதில் உள்ளே போன புகையின் விளைவு முதுமையில்தான் தெரிகிறது. பழைய காசநோயின் தழும்புகளும், ஆலைத் தூசியும் சேர்ந்துகொள்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் 35 லட்சம் பேர் இந்நோயினால் மரித்தார்கள். உலகில் மரணத்திற்குக் காரணமானவற்றில் இது நான்காவது. நம் இந்தியாவில் 2016இல் சுமார் ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனாலும் சர்க்கரை வியாதியையும் இருதய நோயையும் பற்றிப் பேசுகிற அளவுக்கு நம் சபைகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வீட்டில்தான் போராட்டம்

சி.ஓ.பி.டி. நோயாளி மருத்துவரைப் பார்ப்பது மாதத்தில் பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் அவர் வீட்டில் இருக்கிறார். குளிப்பது, வேட்டி கட்டுவது, கழிப்பறைக்குப் போய் வருவது, ஆலயப் படி ஏறுவது ஆகிய எல்லாமே அவருக்கு மலையேற்றம். ஆகவே இந்த நோய்க்கான வைத்தியத்தில் பெரும்பகுதி நோயாளியின் கையிலும் குடும்பத்தாரின் கையிலும்தான் இருக்கிறது. தன்னைத் தானே பராமரித்தல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அதில் நான்கு காரியங்கள் முக்கியம்.

முதலாவது, இன்ஹேலரைச் சரியாக உபயோகிப்பது. பம்ப்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதடுகளால் இறுகப் பிடித்து, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பின்பு 10 விநாடி மூச்சை நிறுத்தி வைக்க வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். உறிஞ்ச வேண்டிய மாத்திரையைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டு, "இந்த மருந்து கேட்கவில்லை ஐயா" என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல முடியாது. மாத்திரை என்றால் விழுங்குவதற்கு என்றுதான் நாம் அவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம்.

இரண்டாவது, மூச்சுப் பயிற்சியும் நடையும். மூக்கினால் இழுத்து, சூடான தேநீரை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் மெதுவாக ஊத வேண்டும். இப்படிச் செய்யும்போது குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் தேங்கிய காற்று வெளியேறுகிறது. இளைக்கிறதே என்று பயந்து உட்கார்ந்தே இருந்தால் கால் தசைகள் மெலிந்து இளைப்பு இன்னும் அதிகமாகும். ஆகவே தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும்.

மூன்றாவது, புகையை விட்டு விலகுவது. பீடியை விட விரும்புகிறவர்களுக்கு 1800-11-2356 என்ற அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி உதவி 2016 முதல் உண்டு. நம் சபைகளின் அறிவிப்புப் பலகைகளில் இந்த எண்ணை எழுதி வைத்தால் நலமாயிருக்கும்.

நான்காவது, நோய் முற்றுவதை முன்கூட்டியே அறிவது. கனடாவின் வின்னிபெக் நகர மருத்துவர்கள் 1987இல் மூன்று அடையாளங்களை வகுத்தார்கள். இளைப்பு வழக்கத்தைவிட அதிகமாகிறதா? சளி அதிகமாக வருகிறதா? சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுகிறதா? இந்த மூன்று கேள்விகள் இன்றும் உபயோகத்தில் இருக்கின்றன. இவற்றை வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் ஒரு அட்டை எழுதிக் கொடுக்கிறார்கள். பச்சை என்றால் வழக்கம்போல் இருக்கலாம். மஞ்சள் என்றால் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிற மருந்தைத் தொடங்கி, மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தூக்கக் கலக்கமும் தடுமாற்றமும் வந்தாலோ அது சிவப்பு. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

செயலி என்ன செய்கிறது?

இப்போது கைப்பேசிக்கு வருவோம். நெஞ்சக நோய்க்கான செயலி என்பது, மேலே சொன்ன நான்கையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஒரு புத்தகம்போல. இன்ஹேலரை உபயோகிக்கும் விதத்தைப் படமாகக் காட்டும். மருந்து வேளையை மணியடித்து நினைப்பூட்டும். தினமும் கேள்விகளைக் கேட்டுப் பதிலைக் குறித்து வைக்கும். பதில்களைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சொல்லும். சில செயலிகள் காற்றின் மாசையும் குளிரையும் பற்றி எச்சரிக்கும்.

இங்கிலாந்தில் மைசிஓபிடி என்ற செயலி இப்படிப்பட்டது. ஆறு வாரத்துக்கான உடற்பயிற்சித் திட்டமும் அதில் இருக்கிறது. 90 நோயாளிகளை வைத்து அங்கே நடத்தி 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்தப் பயிற்சியை வீட்டிலிருந்தே திரையைப் பார்த்துச் செய்தவர்களின் நடக்கும் திறன், மையத்திற்கு நேரில் வந்து செய்தவர்களைவிடக் குறைந்துபோகவில்லை என்று கண்டார்கள். பஸ் ஏறி மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி.

அதே நாட்டில் எந்த வைத்தியத்திற்கு அரசாங்கப் பணம் செலவிடலாம் என்று ஆராயும் நைஸ் என்னும் நிறுவனம் 2022 மார்ச்சில் இந்தச் செயலியைப் பரிசீலித்தது. நம்பிக்கை தருகிறது, ஆனால் எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுக்கும்படி பரிந்துரைக்கப் போதிய சான்று இன்னும் இல்லை, மேலும் ஆராய வேண்டும் என்று எழுதியது. உலகமெங்கும் நடந்த இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2021இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கையும், பலன் நிச்சயமில்லை என்ற கருத்தையே சொன்னது.

எச்சரிக்கையான செய்தியும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 20 மருத்துவமனைகளில், நோயாளிகளுக்குப் பாடம் நடத்தி, செயல்திட்ட அட்டை கொடுத்து, தொலைபேசியிலும் பேசி ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 960 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 426 பேர் சேர்ந்தபோதே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. கற்பிக்கப்பட்டவர்களில் 28 பேரும், வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 10 பேரும் மரித்திருந்தார்கள். இது 2012இல் வெளிவந்தது. ஏன் அப்படி நேர்ந்தது என்பதை ஆராய்ந்தவர்களாலேயே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

எங்களுடைய தவறு

இதை எங்கோ நடந்த காரியமாக மட்டும் நாங்கள் எழுதவில்லை. எங்கள் பராமரிப்பில் இருந்த முதியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஆக்சிஜன் எந்திரம் வைத்திருந்தார். நிமிடத்திற்கு ஒரு லிட்டர் போதும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய பேரன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன். தாத்தாவின்மேல் உயிரையே வைத்திருந்தான். அவனுடைய கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்து, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் எண்ணை அதில் தினமும் பதியச் சொன்னோம்.

அந்தச் செயலி எல்லாருக்கும் பொதுவானது. 95க்கு மேல் இருந்தால் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், இன்னும் கீழே சிவப்பு. தாத்தாவின் எண்ணோ எப்போதும் 89, 90. நாள்தோறும் சிவப்பைப் பார்த்த பையன் தாங்க முடியாமல் ஒரு நாள் மாலை எந்திரத்தைத் திருப்பி ஆக்சிஜனைக் கூட்டி வைத்தான். எண் 98க்கு ஏறியது. திரை பச்சையாயிற்று. தாத்தாவும் அமைதியாகக் கண்ணை மூடினார். பையன் சந்தோஷமாகப் படிக்கப் போனான்.

அந்த இரவு அவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். படுக்கையருகே ஜெபிக்கப் போன நாங்களும் ஏமாந்துபோனோம். எப்போதும் மூச்சுக்குப் போராடுகிற அந்த முகம் அன்று தளர்ந்து சாந்தமாக இருந்தது. கர்த்தர் சமாதானத்தைக் கட்டளையிட்டார் என்றே எண்ணினோம். பின்னால் வந்த சிஸ்டர் அவர் தோளைத் தட்டி, "ஐயா, ஐயா" என்று உரக்கக் கூப்பிட்டார். பாதிப் பதில்தான் வந்தது. சிஸ்டர் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார்.

நடந்தது இதுதான். நாட்பட்ட நோயாளிகள் சிலருக்குக் கரியமில வாயு முழுவதும் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கும். அவர்களுக்கு ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அந்த வாயு இன்னும் பெருகி, மயக்கத்தில் ஆழ்த்திவிடும். ஆகவேதான் அவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்று மருத்துவர்கள் அளவு வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளை வைத்து நடந்த ஒரு ஆராய்ச்சி 2010இல் வெளியானது. அளவோடு ஆக்சிஜன் பெற்றவர்களில், அளவின்றிப் பெற்றவர்களைவிட மரணம் மிகவும் குறைவு என்று அது காட்டிற்று. அந்த முதியவருக்கு 90 என்பதுதான் பச்சை. 98 என்பது சிவப்பு. அதைச் செயலிக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. பையனுக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கர்த்தருடைய கிருபையால், முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் எந்திரத்தை வைத்து, இரண்டு நாளில் அவரை மீட்டார்கள். ஆனால் வார்டு வாசலில் நின்ற அந்தப் பையனின் முகம் எங்களை விட்டுப் போகவில்லை. "நான்தான் கூட்டி வச்சேன் ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "தம்பி, தவறு உன்னுடையது அல்ல, எங்களுடையது" என்று சொல்லி அவனைத் தேற்ற வேண்டியதாயிருந்தது. அது ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை அல்ல, உண்மை. அந்த வாரமே எல்லா வீடுகளுக்கும் போன் செய்து, ஒவ்வொருவருக்கும் உரிய அளவை டாக்டரைக் கேட்டு மாற்றினோம். "டாக்டர் சொல்லாமல் ஆக்சிஜனைக் கூட்டக் கூடாது" என்று எந்திரத்தின்மேலேயே எழுதி ஒட்டினோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். கைப்பேசியின் கேமராமேல் விரலை வைத்தால் ஆக்சிஜன் அளவைச் சொல்வதாகக் கூறும் செயலிகளை நம்பாதீர்கள். தனியாக விரலில் மாட்டும் கருவியும்கூட, நகப்பூச்சு இருந்தாலோ விரல் குளிர்ந்திருந்தாலோ தவறாகக் காட்டும். எண்ணைப் பார்ப்பதோடு ஆளையும் பார்க்க வேண்டும்.

சென்னை கற்பித்த பாடம்

நெஞ்சக நோயாளியை வீட்டிலேயே பராமரிக்கலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியது நம்முடைய சென்னை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றுதான் எண்ணினார்கள். மிஷனரி சங்கங்கள் சேர்ந்து மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் நடத்திய சானடோரியத்தை மூத்தவர்கள் அறிவார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரைக் குடிசை வீடுகளிலேயும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல உணவும் ஓய்வும் இல்லாதிருந்தும், வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குச் சுகமடைந்தார்கள். அது உலகமெங்கும் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது.

அந்த வெற்றிக்குப் பின்னால் மருந்து மட்டும் இல்லை. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சொல்லாமலும் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். குடும்பத்தாரோடு பேசினார்கள். வீட்டில் விடப்பட்டவர்கள் கைவிடப்படவில்லை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்து 2012இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குத் தங்களைப் பராமரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மொத்தத்தில் பெரிய பலன் காணவில்லை. ஆனால் கற்றவர்களில் 42 சதவீதம் பேர் நன்றாகச் செய்தார்கள், அவர்கள் மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறைந்தது. அவர்கள் யார் என்று பார்த்தபோது, மற்றவர்களைவிட வயது குறைந்தவர்களாகவும், தனியாக இல்லாமல் பிறரோடு சேர்ந்து வாழ்கிறவர்களாகவும் இருந்தார்கள். தன்னைத் தானே பராமரிப்பதற்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்!

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை இங்கே நினைக்கிறோம். பிறருடைய பாரத்தைத் தாங்கும்படி பவுல் முதலில் புத்தி சொல்கிறார். மூன்று வசனம் தள்ளி, அவரவர் சுமையை அவரவரே சுமக்க வேண்டியதைப் பற்றியும் சொல்கிறார். இது முரண்பாடோ என்று வேதபாட வகுப்புகளில் எங்களைக் கேட்பவர்கள் உண்டு. கிரேக்க மூலத்தில் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முதலாவது 'பாரோஸ்', ஒருவனை நசுக்கிவிடும் பாரம். இரண்டாவது 'ஃபோர்தியோன்', பயணி தன் தோளில் தூக்கிப்போகும் மூட்டை. இன்ஹேலரை வேளைக்கு எடுப்பதும் பீடியை விடுவதும் நடைபழகுவதும் நோயாளியின் மூட்டை. அதை நாம் அவருக்காகச் சுமக்க முடியாது. ஆனால் நள்ளிரவில் மூச்சு முட்டும்போது வருகிற மரணபயம் மூட்டை அல்ல. அதைத் தனியாகச் சுமக்கும்படி யாரையும் விடக்கூடாது.

எங்கள் வேண்டுகோள்

அந்தப் பங்காளர் குடும்பத்திற்கு நாங்கள் எழுதிய பதிலை உங்களுக்கும் சொல்லுகிறோம். கைப்பேசிகளை வாங்குவதற்கு முன் வேறு மூன்று தேவைகள் இருக்கின்றன என்று பணிவோடு தெரிவித்தோம்.

எங்கள் நோயாளிகளின் வீடுகளில் பெரும்பாலும் ஒரு "டச் போன்" ஏற்கனவே இருக்கிறது. அது மகனிடமோ பேரனிடமோ இருக்கும். வேலைக்குப் போகும்போது அதை எடுத்துப் போய்விடுவார்கள். பாட்டியிடம் இருப்பது பட்டன் போன். புதிய கைப்பேசி ஒன்றைக் கொடுத்தாலும், சிறிய எழுத்தைப் படிக்கக் கண் தெரியாது, நடுங்கும் விரலால் தொடத் தெரியாது. சிவப்பு என்று திரை காட்டும் நேரத்தில் மறுமுனையில் எடுத்துப் பேச ஆள் இல்லாவிட்டால், அது பயத்தை மட்டுமே பெருக்கும்.

ஆகவே முதல் தேவை, ஒரு சிஸ்டர். நெஞ்சக நோயாளிகளுக்கென்றே நியமிக்கப்பட்டு, வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு அந்த மூன்று கேள்விகளைக் கேட்கவும், மஞ்சள் என்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லவும், முடியாதவர்களை வீட்டிற்கே போய்ப் பார்க்கவும் அவர் வேண்டும். பட்டன் போனிலும் இந்த வேலை நடக்கும். டச் போன் இருக்கும் வீடுகளுக்கு, நம் ஊர்த் தமிழிலேயே சிஸ்டர் பேசி, இன்ஹேலர் எடுக்கும் விதத்தைக் காட்டும் சிறு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். நோயாளி இன்ஹேலர் எடுப்பதைப் பேரன் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினால், எங்கே தவறு என்று சிஸ்டர் பார்த்துச் சொல்லலாம். கைப்பேசி உண்மையாகவே உதவுகிற இடம் இது என்று கண்டிருக்கிறோம்.

இரண்டாவது தேவை, பம்ப்போடு பொருத்தும் ஸ்பேசர்கள். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாத முதியவர்களுக்கு இந்தப் பிளாஸ்டிக் குடுவை மிகவும் உதவியானது. அதனால் தொண்டையில் தங்கும் மருந்து குறைந்து, நெஞ்சுக்குப் போகும் மருந்து கூடும்.

மூன்றாவது தேவைக்குப் பணம் வேண்டியதில்லை. உங்கள் சபையில், உங்கள் தெருவில், மூச்சிரைப்பினால் ஆலயத்திற்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவர் இருப்பார். அவர் படி ஏற முடியாமல்தான் நின்றுவிட்டார். வாரத்தில் ஒரு நாள் அவருடைய வீட்டுக்குப் போய், அவரோடு தெருமுனை வரை மெதுவாக நடந்து, அவர் நிற்கிறபோது நீங்களும் நின்று, திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். வேகமாகப் பேசச் சொல்லாதீர்கள். பதிலுக்குக் காத்திருங்கள். பழைய பீடிப் பழக்கத்தைச் சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள். அதை அவர் ஒவ்வொரு இரவும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

அந்தக் குடும்பத்தார் எங்கள் பதிலைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டு, தகப்பனார் பெயரில் வைத்த காணிக்கையைச் சிஸ்டரின் ஊதியத்திற்கும் ஸ்பேசர்களுக்கும் உபயோகிக்கச் சம்மதித்திருக்கிறார்கள். "எங்கள் அப்பாவுக்கும் ராத்திரியில் கூப்பிட ஒரு ஆள்தான் தேவைப்பட்டது" என்று அவருடைய மகள் எழுதியிருந்தார். அவர்களுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். ஆனாலும் ஒரு சிஸ்டரின் ஊழியம் ஒரு வருடத்தோடு முடிவதல்ல. இந்தப் பாரத்தில் பங்குபெற விரும்புகிறவர்கள் காணிக்கைச் சீட்டில் "நெஞ்சக நோய்ப் பணி" என்று குறிப்பிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

அந்த முதியவர் இன்றும் உயிரோடிருக்கிறார். அவருடைய அட்டையில் 88, 92 என்ற இரண்டு எண்களைப் பேரன் பெரிய எழுத்தில் எழுதி, சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். செயலியிலும் அந்த எண்களையே இப்போது மாற்றி வைத்திருக்கிறான். சாயங்காலத்தில் கைப்பேசியைப் பார்ப்பதற்கு முன், "தாத்தா, இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறானாம். தாத்தா முழு வாக்கியமாகத் திட்டினால், எல்லாம் பச்சை என்று அர்த்தம்!

மண்ணான மனிதனுக்குள் தேவன் தம்முடைய சுவாசத்தை ஊதினார் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். நாம் எண்ணிப் பார்க்காமலே இழுத்து விடுகிற ஒவ்வொரு மூச்சும் அவருடைய ஈவு. அதை எண்ணி எண்ணி இழுக்கிற சகோதர சகோதரிகளை உங்கள் ஜெபத்தில் நினைவுகூருங்கள்.

ஜெபக் குறிப்புகள்: பனிக்காலத்தில் இளைப்பு அதிகமாகும் நோயாளிகளுக்காகவும், இரவும் பகலும் அவர்களோடு விழித்திருக்கும் குடும்பத்தாருக்காகவும், பீடியை விடப் போராடுகிறவர்களுக்காகவும், இந்த ஊழியத்திற்கு ஏற்ற சிஸ்டரைக் கர்த்தர் அனுப்பும்படியாகவும் ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைப் போதகர்
ஆலோசனைப் பணிக் குழுவினருக்காக